கொரிய மேசையில் உட்காரும் முன்

நம் பக்கத்துக்குக் கொரியச் சாப்பாடு இரண்டு வழியாக வந்தது. ஒன்று கார் தொழிற்சாலை வழி, இன்னொன்று நாடகத் தொடர் வழி. நீங்கள் போகப்போகும் உணவகம் எந்த வழியில் வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. என்ன கேட்பது, எவ்வளவு செலவாகும், வீட்டில் யாரை அழைத்துப் போவது எல்லாம் அதைப் பொறுத்தவை.

முதல் வழி சென்னையுடையது. 1996 மே மாதம் ஹூண்டாய் இந்தியாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. கூடவே உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. 2007-ல் சாம்சங் ஆலையும் வந்தது. இவற்றில் வேலை பார்க்க வந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு தங்கினார்கள். அவர்களுக்குச் சோறு வேண்டும், கிம்ச்சி வேண்டும். அப்படித்தான் கீழ்ப்பாக்கத்திலும் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையை ஒட்டியும் கொரிய உணவகங்கள் முளைத்தன. பல இடங்களில் மாடியில் தங்கும் அறை, கீழே சாப்பாடு. பெயர்ப்பலகையே கொரிய எழுத்தில் இருக்கும். 2006-ல் சென்னையில் இன்கோ மையம் தொடங்கி, கொரியக் கலையையும் மொழியையும் நம்மவர்களுக்கு அறிமுகம் செய்த பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் மெல்ல அந்தக் கதவுகளைத் திறந்து பார்த்தார்கள்.

கொச்சியில் கதை வேறு. தேவராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கல்லூரி இங்கே இருக்கிறது. புதுப்புது உணவகங்கள் திறக்கும் பனம்பிள்ளி நகர் பக்கத்திலேயே. இங்கே கொரியச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டவர்கள் பொறியாளர்கள் அல்லர். பிடிஎஸ் பாட்டைக் கேட்டும் 'ஸ்குவிட் கேம்' பார்த்தும் வளர்ந்த மாணவர்கள். அவர்களுக்காக வந்த கடைகளில் ராம்யொன் நூடுல்ஸ், இனிப்பும் காரமும் பூசிய பொரித்த கோழி, டொக்போக்கி என்ற அரிசி மாவுத் துண்டுகள், கிம்பாப் என்ற கடற்பாசியில் சுருட்டிய சோறு எல்லாம் முன்வரிசையில் நிற்கும். சுவரில் பாடகர்களின் படம் இருக்கும். தேவராவை ஒட்டிய பெருமானூரில் இருக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளம், 2025 ஜூலையில் கொரியாவின் எச்டி கேஎஸ்ஓஇ நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதன் வழியாகக் கொரியக் குடும்பங்கள் வந்து தங்கினால், சென்னையில் நடந்தது இங்கேயும் நடக்கும். அதுவரை கொச்சியின் கொரிய மேசை பெரும்பாலும் இளைஞர்களின் மேசைதான்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. மெனுவில் குழம்பு வகைகள், அதாவது 'ஜிகே' என்று முடியும் பெயர்கள், நான்கைந்து இருக்கின்றனவா? சோற்றோடு சின்னச் சின்னத் தட்டுகளில் தொடுகறிகள் கேட்காமலே வருகின்றனவா? இரண்டுக்கும் ஆமென்றால் அது கொரியர்களுக்காகச் சமைக்கும் இடம். மெனுவில் முக்கால்வாசி நூடுல்ஸும் பொரியலும் குளிர்பானமுமாக இருந்தால் அது மாணவர்களுக்கான இடம். பின்னதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நண்பர்களோடு போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வர அது நல்ல இடம். ஆனால் கொரியச் சாப்பாடு என்றால் என்னவென்று அறிய விரும்புகிறவர் முதலில் உட்கார வேண்டியது குழம்பும் சோறும் உள்ள மேசையில்.

முதல் முறை என்ன கேட்பது

தமிழர்களுக்கு இந்தச் சாப்பாடு அந்நியமாகத் தெரிய வேண்டிய காரணமே இல்லை. நடுவில் சோறு, பக்கத்தில் குழம்பு, சுற்றிலும் காய், ஊறுகாய், கீரை. சோறு மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சுடச்சுட வரும். குட்டையான அரிசி, கொஞ்சம் ஒட்டும். சுற்றிலும் வரும் தொடுகறிகளுக்குப் பான்ச்சன் என்று பெயர். முளைகட்டிய சோயா, எள்ளெண்ணெயில் புரட்டிய பசலைக்கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி, கிம்ச்சி என்று நான்கு முதல் எட்டுத் தட்டு வரை வரும். இவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் கேட்டு வாங்கலாம், அதற்கும் காசில்லை. நம்மவர்கள் பலர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இலைச் சாப்பாட்டில் இரண்டாம் முறை பொரியல் கேட்கிறோம் அல்லவா, அதே உரிமையோடு கேளுங்கள். தின்னும் அளவுக்குக் கேட்டால் போதும். தட்டில் மிச்சம் வைப்பது அங்கேயும் மரியாதை இல்லை.

இரண்டு பேர் முதன்முதலில் போனால் நான் சொல்வது இது: ஒரு தென்ஜாங் ஜிகே, ஒரு தோல்சொத் பிபிம்பாப், நடுவில் பகிர்ந்துகொள்ள ஒரு பாஜொன்.

தென்ஜாங் என்பது புளிக்கவைத்த சோயா விழுது. அதில் சுரைக்காய் மாதிரியான சுக்கினி, டோஃபு, வெங்காயம் போட்டுக் கொதிக்க வைத்தது தென்ஜாங் ஜிகே. கருப்பு மண்சட்டியில் கொதித்தபடியே மேசைக்கு வரும். முதல் வாயில் நாற்றமாகத் தோன்றலாம். மூன்றாவது வாயில் சோற்றோடு சேர்ந்து அது என்னவென்று புரியும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வாய்கூட வேண்டியிருக்காது.

தோல்சொத் பிபிம்பாப் பெரிய கல்சட்டியில் வரும். அடியில் சோறு, மேலே வட்டமாக அடுக்கிய கேரட், காளான், கீரை, முளைப்பயறு, நடுவில் முட்டை. தனிக் கிண்ணத்தில் கோச்சுஜாங் என்ற சிவப்பு மிளகாய் விழுது. படம் எடுப்பதற்காக இதை ஆற விடாதீர்கள். சட்டி வந்த கையோடு ஒரு கரண்டி விழுது போட்டு, அடியிலிருந்து மேலாகக் கிளறுங்கள். பிறகு சட்டியின் சுவரோடு சோற்றை அழுத்திவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். அடியில் சடசடவென்று சத்தம் கேட்கும். பொன்னிறமாகக் காந்திய அந்தச் சோற்றைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிடுவதற்குத்தான் கல்சட்டி. சட்டியின் விளிம்பைக் கையால் தொடாதீர்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் சட்டியை மேசையின் மறுபக்கம் நகர்த்தச் சொல்லுங்கள்.

பாஜொன் என்பது வெங்காயத்தாள் நீளநீளமாகக் கிடக்கும் கோதுமை மாவு அடை. கடலுணவு சேர்த்தும் வரும். கொரியாவில் மழை பெய்தால் பாஜொன் சாப்பிடத் தோன்றும் என்பார்கள். ஜூன் மாதக் கொச்சியில் இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் கேட்க முடியாது. ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும், சுடச்சுடப் பிய்த்துவிடுங்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் சுந்துபு ஜிகே கேளுங்கள், காரம் குறைக்கச் சொல்லி. தயிரைப் போல மென்மையான டோஃபு, மெல்ல வேண்டிய வேலை இல்லை. கொரியாவில் பிள்ளை பெற்ற தாய்க்கும் பிறந்தநாள் காண்கிறவருக்கும் கொடுக்கும் மியொக்குக் என்ற கடற்பாசி ரசம் மெனுவில் இருந்தால் அதையும் ஒரு முறை ருசியுங்கள். மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசி பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் போகிறது; அங்கே வேறு வகைப் பாசி பத்தியச் சாப்பாடாகத் தாயின் கிண்ணத்துக்குப் போகிறது.

காரம்

கொரியச் சாப்பாடு பயங்கரக் காரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நமக்குப் பொருந்தாத பேச்சு. கொரிய மிளகாய்த்தூள் பெரும்பாலும் விதை நீக்கி அரைத்தது. நிறம் அதிகம், உறைப்பு குறைவு. குண்டூர் மிளகாய்க்குப் பழகிய நாக்குக்கு அது இனிப்பாகவே படும். கோச்சுஜாங்கிலும் ஒட்டரிசி சேர்வதால் காரத்துக்குப் பின்னால் ஓர் இனிப்பு நிற்கும்.

மிளகாய் நமக்கும் அவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டில் கிடைத்த பொருள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் அதை நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1500-ல் கொச்சியில் கால்வைத்தவர்கள் அவர்கள். கொரியாவுக்கு அது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் போய்ச் சேர்ந்தது. 1614-ல் யி சு-க்வாங் எழுதிய நூலில் அது பற்றிய குறிப்பு இருக்கிறது. மிளகின் ஊரான மட்டாஞ்சேரியின் மணம் தெரிந்தவர்கள், வெளியிலிருந்து வந்த ஒரு காயை இரண்டு மக்கள் எப்படித் தம்முடையதாக்கிக்கொண்டார்கள் என்பதை ஒரு கிம்ச்சித் துண்டில் உணரலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, புல்டாக் என்ற பெயரில் வரும் நூடுல்ஸ். இது உண்மையிலேயே எரிக்கும். 2024 ஜூனில் டென்மார்க் உணவுத் துறை இதன் மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் மிக அதிகம் என்பதே காரணம். கல்லூரிப் பிள்ளைகள் பந்தயம் கட்டிச் சாப்பிடும் பண்டம் இதுதான். சின்னக் குழந்தைகளுக்கும் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

சைவர்கள் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைச் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இரண்டு முறை படிக்கலாம். கொரிய மேசையில் காய்கறி ஏராளம். ஆனால் காயாகத் தெரிவதெல்லாம் சைவம் இல்லை.

முதலில் கிம்ச்சி. முட்டைக்கோஸ், மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, இவற்றோடு உப்பிலிட்ட சின்ன இறால் அல்லது மீன் சாஸ் சேர்த்துத்தான் மரபாகப் புளிக்க வைப்பார்கள். குடும்பமாகவும் ஊராகவும் கூடிக் குளிர்காலத்துக்கு முன் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது; அந்தச் சாடிகளில் இறாலும் மீனும் இருக்கும். இந்தியாவில் சில கடைகள் இவை இல்லாமல் கிம்ச்சி போடுகின்றன, ஆகவே கேட்டே ஆக வேண்டும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் இதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, குழம்பின் தண்ணீர். தென்ஜாங் ஜிகேவுக்கும் டொக்போக்கிக்கும் அடிப்படை பெரும்பாலும் காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் கொதித்த சாறு. நெத்திலியை வடிகட்டி எடுத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. "இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் பரிமாறுகிறவர் நல்ல மனத்தோடேயே "இல்லை" என்பார். "சாறு எதில் செய்தது?" என்று கேளுங்கள். கொச்சியில் என்றால் "சேட்டா, இதின்டெ சூப்பில் மீன் உண்டோ?" என்று கேட்டால் போதும், சென்னையில் "தம்பி, இந்தக் குழம்புத் தண்ணியில நெத்திலி போடுவீங்களா?" என்று நேராகவே கேட்கலாம். சமையலறையில் விசாரித்து வந்து சொல்வார்கள்.

பிபிம்பாப் சைவர்களுக்கு வசதியானது. இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று சொன்னால் காயும் சோறும் விழுதும் மிஞ்சும். சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி போன்ற சேமியாவை ஜப்சே என்பார்கள். மாட்டிறைச்சி இல்லாமல் செய்யச் சொல்லலாம். கிம்பாப் வாங்கும்போது உள்ளே ஹாம், நண்டுக் குச்சி, முட்டை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாக்கெட் ராம்யொன் என்றால் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். காய் படம் போட்ட பாக்கெட்டுகளிலும் சாறுப் பொடி இறைச்சியில் செய்ததாக இருக்கலாம். ஒரே பெயரில் சைவம், அசைவம் இரண்டும் விற்கிறார்கள்.

வெங்காயம் பூண்டும் தவிர்ப்பவர்களுக்கு நம் ஊர்க் கொரிய உணவகத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது. கொரியப் புத்த மடங்களில் அவை இல்லாத அருமையான சமையல் இருக்கிறது; ஆனால் அது மடத்துச் சமையல்.

அடுப்பு மேசை

மேசை நடுவில் அடுப்பு வைத்து இறைச்சி சுட்டுச் சாப்பிடுவதுதான் எல்லோரும் ஆசைப்படுவது. பன்றியின் வயிற்றுப் பகுதியைத் துண்டாகச் சுட்டால் சம்க்யோப்சால். சோயா, பேரிக்காய், எள்ளெண்ணெயில் ஊறிய மாட்டிறைச்சி புல்கோகி. பெரும்பாலான இடங்களில் குறைந்தது இரண்டு பங்கு வாங்க வேண்டும், ஆகவே இது நான்கு பேர் போகும் நாளுக்கான சாப்பாடு. மாடோ பன்றியோ சாப்பிடாதவர் கூட இருந்தால் முன்கூட்டியே சொல்லி, கோழிக்குத் தனிக் கம்பி வலை கேளுங்கள். ஒரே வலையில் எல்லாவற்றையும் சுடுவதுதான் வழக்கம் என்பதால் கேட்காமல் கிடைக்காது.

பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கி வேறு, வெந்ததை எடுக்கும் குச்சி வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு பாதி வெந்ததும் கத்தரிக்கோலால் ஒரு வாய் அளவுக்கு வெட்டுவார்கள். பன்றி நன்றாக வேக வேண்டும், சிவப்பு துளியும் தெரியக் கூடாது. பிறகு லெட்டூஸ் இலையை உள்ளங்கையில் விரித்து, அதில் ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் சோறு, ஒரு பூண்டுப் பல், சம்ஜாங் விழுது வைத்து மடித்து, முழுதாக வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் மடியில் விழும். பருத்தி உடை உடுத்திப் போங்கள்; புகை வாசம் பட்டிலிருந்து எளிதில் போகாது.

கரண்டி, குச்சி, கை

சோற்றுக்கும் குழம்புக்கும் நீளப்பிடிக் கரண்டி. தொடுகறிக்கு உலோகக் குச்சி. குச்சி வசப்படவில்லை என்றால் முள்கரண்டி கேட்கலாம், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். இலை மடிப்பைக் கையால் சாப்பிடுவதுதான் முறை. சோற்றை அப்படிச் சாப்பிடுவது வழக்கமில்லை. குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கில் பத்தி நிற்பதை அது நினைவூட்டும். பெரியவர் கரண்டி எடுத்த பிறகே மற்றவர் தொடங்குவார்கள். பெரியவருக்கு எதையும் இரண்டு கையால் கொடுப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரிமாறும் பிள்ளைகளிடம் பேசுங்கள். பல கொரிய உணவகங்களில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். மணிப்பூரில் 2000-ல் ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. அதன்பின் அங்கே கொரிய நாடகங்கள் வீடு வீடாகப் புகுந்தன. நாம் பார்க்கத் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே. நாகாலாந்தில் புளித்த சோயாவை அகுனி என்ற பெயரில் தினமும் சமைக்கிறார்கள். தென்ஜாங் என்ன ருசி என்று அவர்களைக் கேட்டால் மெனுவில் இல்லாத விளக்கம் கிடைக்கும். இன்றைக்கு எந்தக் குழம்பு நன்றாக வந்திருக்கிறது என்பதையும் அவர்கள்தான் சொல்ல முடியும்.

கொரியர்கள் இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிப்பவர்கள். அவர்களுக்காக நடத்தும் இடங்கள் சில, மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடும். போகும் முன் ஒரு போன் செய்துவிட்டு, மாலை ஏழுக்குள் போய் உட்காருங்கள்.

பில்

தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்கிறது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சண்டை வேண்டாம், அமைதியாகச் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கொரியாவில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆனால் நீங்கள் சாப்பிடுவது கொச்சியிலும் சென்னையிலும். ஊரை விட்டு வந்து இரண்டு மணி நேரம் உங்கள் அடுப்பையும் தட்டையும் கவனித்த அந்தப் பிள்ளையின் கையில் உங்களால் முடிந்ததை நேராகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.